‘பக்கவிளைவா, விஷமா?’ - இருமல் மருந்து வழக்கைப் புரிந்துகொள்ள உதவும் மருந்தியல் சொற்கள்

48.6 சதவீதம். 2025 அக்டோபர் முதல் வாரத்தில் நாட்டையே உலுக்கிய எண் இது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஆலையில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ என்ற சிரப்பை தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு ரசாயனம் இந்த அளவுக்கு இருந்தது தெரியவந்தது. மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்த பிறகு வந்த எண் அது.

அந்த நாட்களில் டிவி விவாதங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் பல சொற்கள் கலந்து ஓடின. ‘மருந்து ஒத்துக்கலை’ என்றார்கள் சிலர். ‘சைடு எஃபெக்ட்’ என்றார்கள் சிலர். ‘போலி மருந்து’, ‘ஓவர் டோஸ்’, ‘தரமற்ற மருந்து’ என்றும் பேச்சு வந்தது. எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் மருந்தியலில் ஒவ்வொன்றுக்கும் தனி அர்த்தம் உண்டு. எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து, பொறுப்பு டாக்டர் மீதா, கடைக்காரர் மீதா, ஆலை மீதா, அரசு மீதா என்பது மாறுகிறது. தண்டனையும் மாறுகிறது.

நர்சிங், பார்மசி மாணவர்கள் படிக்கும் அடிப்படைச் சொற்கள்தான் இவை. வீட்டில் சிரப் பாட்டில் வைத்திருக்கும் எல்லோருக்கும் இவை தேவைப்படும் என்பதை இந்த வழக்கு காட்டியிருக்கிறது.

நடந்தது என்ன?

மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், குறிப்பாக பராசியா பகுதியில், 2025 ஆகஸ்ட் இறுதியிலிருந்து சளி, காய்ச்சலுக்குச் சிகிச்சை பெற்ற சிறு குழந்தைகளுக்கு திடீரென சிறுநீர் கழிப்பது நின்றுபோனது. பலர் மேல்சிகிச்சைக்காக மகாராஷ்டிராவின் நாக்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தண்ணீரா, தொற்றுநோயா, கொசுவா என்று முதலில் பல கோணங்களில் தேடினார்கள். பின்னர்தான் குழந்தைகள் குடித்த சிரப் மீது சந்தேகம் திரும்பியது.

அக்டோபர் 1ஆம் தேதி மத்தியப் பிரதேசத்திலிருந்து தகவல் வந்ததும் தமிழ்நாடு அதிகாரிகள் ஆலையில் சோதனை நடத்தினர். அந்த மருந்தின் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆலையில் 300க்கும் மேற்பட்ட விதிமீறல்கள் பட்டியலிடப்பட்டன. அக்டோபர் 9 அன்று நிறுவன உரிமையாளர் சென்னையில் கைது செய்யப்பட்டார். அக்டோபர் 13 அன்று உரிமம் ரத்தானது. அதே நாளில் உலக சுகாதார நிறுவனமும் கோல்ட்ரிஃப் உட்பட 3 இந்திய சிரப்கள் குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. குழந்தைகள் பலருக்கு இந்த மருந்தை எழுதிக் கொடுத்த பராசியா குழந்தைகள் நல மருத்துவரும் கைது செய்யப்பட்டார். அதை எதிர்த்து மருத்துவர் சங்கங்கள் குரல் கொடுத்தன.

மருத்துவர் எழுதிய சீட்டு ஒரு பக்கம், ஆலை தயாரித்த பாட்டில் மறுபக்கம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் சொற்கள் தேவை.

பிராண்டு பெயர், ஜெனரிக் பெயர்: என்ன வித்தியாசம்?

‘கோல்ட்ரிஃப்’ என்பது நிறுவனம் வைத்த பெயர். இது பிராண்டு பெயர். உள்ளே இருக்கும் மருந்துகளின் பொதுப்பெயர்தான் ஜெனரிக் பெயர். இந்த சிரப்பின் லேபிளில் மூன்று ஜெனரிக் பெயர்கள் இருந்தன: பாராசிட்டமால், ஃபினைல்எஃப்ரின், குளோர்பெனிரமைன் மாலியேட்.

பாராசிட்டமால் காய்ச்சலையும் வலியையும் குறைப்பது. ஃபினைல்எஃப்ரின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி மூக்கடைப்பைக் குறைக்கத் தரப்படுவது. குளோர்பெனிரமைன், தும்மல், மூக்கு ஒழுகுதலுக்குக் காரணமான ஹிஸ்டமினைத் தடுப்பது. இப்படி இரண்டு மூன்று மருந்துகளை மாறாத அளவில் ஒரே பாட்டிலில் சேர்ப்பதை நிலையளவுக் கூட்டு மருந்து என்பார்கள். மருத்துவர்கள் சுருக்கமாக ‘எஃப்டிசி’ என்று சொல்வது இதைத்தான்.

ஜெனரிக் பெயர் தெரியாவிட்டால் என்ன ஆகும்? காய்ச்சலுக்கு ஒரு பாராசிட்டமால் சிரப், சளிக்கு இன்னொரு சிரப் என இரண்டையும் கொடுக்கும் பெற்றோர் ஏராளம். சளி சிரப்பிலும் பாராசிட்டமால் இருந்தால் குழந்தைக்கு இரட்டை டோஸ் போகிறது. பாட்டிலின் முன்பக்கம் இருக்கும் பெரிய எழுத்து இதைச் சொல்லாது. சின்ன எழுத்தில் இருக்கும் ஜெனரிக் பெயர்தான் சொல்லும்.

மருந்து எது, மருந்தல்லாதது எது?

இந்த வழக்கின் மையமே இதுதான். ஒரு சிரப்பில் இருப்பதெல்லாம் மருந்து அல்ல.

நோயின் மீது வேலை செய்யும் பொருளுக்கு ‘ஆக்டிவ்’ என்று பெயர். தமிழில் செயல்படு பொருள் எனலாம். மருந்துத் துறையில் ‘ஏபிஐ’ என்பார்கள். அந்த மருந்தைக் கரைக்க, இனிப்பாக்க, நிறம் கொடுக்க, கெட்டுப்போகாமல் வைக்க, மாத்திரையாக இறுக்கச் சேர்க்கும் மற்ற எல்லாமே ‘எக்ஸிபியன்ட்’, அதாவது துணைப்பொருள். சர்க்கரைப் பாகு, நிறமி, மாத்திரையில் சேர்க்கும் ஸ்டார்ச் எல்லாம் இந்த வகைதான்.

பாராசிட்டமால் தண்ணீரில் அவ்வளவு எளிதாகக் கரையாது. அதனால் சிரப் தயாரிக்கும்போது புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின் போன்ற கரைப்பான்களைச் சேர்ப்பார்கள். மருந்துத் தரத்தில் இருந்தால் இவை அனுமதிக்கப்பட்ட பொருட்கள்தான்.

ஆனால் டைஎத்திலீன் கிளைகால் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் நிறமற்றது, கெட்டியானது, லேசான இனிப்புச் சுவை கொண்டது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பிரேக் ஆயில், பிசின் போன்ற தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு உரியது. மருந்துத் தரத்தில் இல்லாத கரைப்பான் வாங்கினாலோ, வந்த டிரம்மைச் சோதிக்காமல் பயன்படுத்தினாலோ இது சிரப்பில் நுழைந்துவிடும். கோல்ட்ரிஃப் விஷயத்திலும் மருந்துத் தரம் இல்லாத புரோப்பிலீன் கிளைகால் பயன்படுத்தப்பட்டதாக ஆய்வு அறிக்கை குறிப்பிட்டது.

குழந்தைகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது பாராசிட்டமால் அல்ல, குளோர்பெனிரமைனும் அல்ல. லேபிளின் ‘ஒவ்வொரு 5 மில்லியிலும்’ பட்டியலில் இடம்பெறாத ஒரு பொருள். எவ்வளவு கவனமாக லேபிளைப் படித்த டாக்டராலும் பெற்றோராலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. கண்டுபிடித்திருக்க வேண்டிய இடம் ஆலையின் ஆய்வகம்.

48.6 சதவீதம் என்றால் எவ்வளவு?

மருந்துகளில் சதவீதம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. திரவ மருந்தில் ‘எடைக்குக் கன அளவு’ முறையில் 1 சதவீதம் என்றால், 100 மில்லி சிரப்பில் அந்தப் பொருள் 1 கிராம் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படியென்றால் 48.6 சதவீதம் என்பது 100 மில்லிக்கு 48.6 கிராம். குழந்தைக்கு ஒரு வேளைக்கு 5 மில்லி கொடுத்தால், அதில் 2.43 கிராம் நச்சு. அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு 0.1 சதவீதம். அந்தக் கணக்கில் 5 மில்லியில் இருக்கக்கூடியது 5 மில்லிகிராம் மட்டுமே. வரம்பைவிட 486 மடங்கு.

இன்னொரு விதத்தில் பார்க்கலாம். இதுபோன்ற குழந்தைகள் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் பாராசிட்டமால் இருப்பது வழக்கம். அந்த அளவோடு ஒப்பிட்டால், பாட்டிலில் மருந்தைவிட விஷம் 19 மடங்கு அதிகம்.

லேசான மாசு, கைதவறிக் கலந்தது என்ற அளவைத் தாண்டிய எண் இது. ஒரு முறை சோதித்திருந்தாலே பிடிபட்டிருக்கும் அளவு.

உடலுக்குள் போனதும் என்ன நடக்கிறது?

எந்த மருந்தும் உடலில் நான்கு கட்டங்களைக் கடக்கும். பார்மசி மாணவர்கள் இதைத்தான் முதலில் படிப்பார்கள்.

முதலாவது, உறிஞ்சப்படுதல். வயிறு, குடல் வழியாக மருந்து ரத்தத்துக்குள் போவது. இரண்டாவது, பரவுதல். ரத்தத்தோடு உறுப்புகளுக்குச் செல்வது. மூன்றாவது, வளர்சிதை மாற்றம். பெரும்பாலும் கல்லீரலில் மருந்து வேறு பொருளாக மாற்றப்படுவது. நான்காவது, வெளியேற்றம். பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியே போவது. உடல் மருந்தை என்ன செய்கிறது என்பதைச் சொல்லும் இந்தப் பகுதிக்கு ‘பார்மகோகைனடிக்ஸ்’ என்று பெயர். மருந்து உடலை என்ன செய்கிறது என்பது ‘பார்மகோடைனமிக்ஸ்’. தேர்வில் மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஜோடி இது.

ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம் அரை ஆயுள். பாராசிட்டமாலுக்கு இது சுமார் 2 முதல் 3 மணி நேரம். அதனால்தான் காய்ச்சல் மருந்தை 4 முதல் 6 மணி நேர இடைவெளியில் கொடுக்கச் சொல்கிறார்கள்.

டைஎத்திலீன் கிளைகாலும் இதே பாதையில்தான் போகிறது. வயிற்றிலிருந்து சீக்கிரமாக உறிஞ்சப்படுகிறது. கல்லீரலுக்குப் போனதும் அங்குள்ள நொதிகள் அதை உடைக்கின்றன. மருந்துகளில் பெரும்பாலும் இந்தக் கட்டம் உடலுக்குச் சாதகமானது, பொருளைச் செயலிழக்க வைக்கும். இங்கே தலைகீழ். உடைந்து உருவாகும் டைகிளைகாலிக் அமிலம்தான் சிறுநீரக நுண்குழாய்களின் செல்களைக் கொல்கிறது. வெளியேற்றும் உறுப்பே அடைபடுவதால் சிறுநீர் நின்றுபோகிறது.

குழந்தை சிரப் குடித்த உடனே ஆபத்து தெரியாததற்கும் இதுதான் காரணம். முதலில் வாந்தி, வயிற்றுவலி. அடுத்த ஓரிரு நாட்களில்தான் சிறுநீர் குறைகிறது. அதற்குள் ‘காய்ச்சல் இன்னும் விடலையே’ என்று அதே பாட்டிலிலிருந்து இன்னும் சில வேளை கொடுத்திருப்பார்கள்.

கல்லீரல் நொதியைத் தடுக்கும் ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்து உண்டு. ரத்தச் சுத்திகரிப்பான டயாலிசிஸும் உதவும். ஆனால் இரண்டுமே சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். எதனால் சிறுநீரகம் கெட்டது என்பது தெரியாதவரை மருத்துவர்களால் அதைத் தொடங்க முடியாது.

‘சைடு எஃபெக்ட்’ என்று சொல்வது ஏன் தவறு?

பக்கவிளைவு என்பது, சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுத்தும் கூடவே வரும் விளைவு. குளோர்பெனிரமைன் சாப்பிட்டால் தூக்கம் வருவது பக்கவிளைவு. அது எதிர்பார்த்ததுதான், லேபிளிலும் எழுதியிருக்கும்.

பாதக மருந்து எதிர்வினை என்பது வழக்கமான அளவில் கொடுத்தும் உடலுக்குத் தீங்கு வருவது. பென்சிலின் ஊசி போட்டதும் சிலருக்கு அலர்ஜி வருவது இதற்கு உதாரணம். ‘மருந்து ஒத்துக்கலை’ என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஓவர் டோஸ் என்பது நல்ல மருந்தே அளவுக்கு மீறிப் போவது. பாராசிட்டமால் அளவு மிஞ்சினால் கல்லீரல் பாதிக்கும். அதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு.

நச்சேற்றம் என்பது உடலுக்குள் போகவே கூடாத பொருள் போவது. சிந்த்வாராவில் நடந்தது இதுதான்.

‘சைடு எஃபெக்ட்’ என்று சொன்னால், அது மருந்தின் இயல்பு, யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடும். ‘ஒத்துக்கலை’ என்றால், குறை குழந்தையின் உடம்பில் என்றாகிவிடும். ‘ஓவர் டோஸ்’ என்றால், ஒரு ஸ்பூன் கூடக் கொடுத்த அம்மா குற்றவாளி ஆவார். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் ‘நான்தான் கூடக் குடுத்துட்டேனோ’ என்ற எண்ணம் ஒருவரை வாழ்நாள் முழுக்க அரிக்கும். 486 மடங்கு விஷம் இருந்த பாட்டிலில் ஒரு ஸ்பூன் கூடவா குறையவா என்பது கேள்வியே இல்லை. லேபிளில் சொன்ன அளவே விஷம்தான்.

அப்போ மருத்துவர் மீது தவறே இல்லையா?

இங்கேதான் இன்னொரு சொல் வருகிறது: ‘கான்ட்ரா இண்டிகேஷன்’. ஒரு மருந்தை யாருக்கு, எந்த நிலையில் கொடுக்கக் கூடாது என்ற விலக்கு. எதற்காகக் கொடுக்கலாம் என்பது ‘இண்டிகேஷன்’.

குளோர்பெனிரமைனும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த கூட்டு மருந்தை 4 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, அதை லேபிளில் எச்சரிக்கையாக அச்சிட வேண்டும் என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. சிந்த்வாராவில் இறந்தவர்களில் பலர் 5 வயதுக்குட்பட்டவர்கள். எனவே இந்தக் குழந்தைகளில் சிலருக்கு இந்த வகை மருந்தை எழுதியதே சரியா என்ற கேள்வி நியாயமானது. 2025 அக்டோபர் 3 அன்று மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகமும் 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்துகளை எழுதக் கூடாது, 5 வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று அறிவுறுத்தியது.

ஆனால் இரண்டு தவறுகளும் ஒன்றல்ல. வயது விலக்கை மீறி எழுதினால் குழந்தைக்கு அளவுமீறிய மயக்கமோ, படபடப்போ வரலாம். சிறுநீரகம் செத்துப்போவது அந்த மீறலால் வருவதில்லை. அதே சிரப் சுத்தமாக இருந்திருந்தால், தவறாக எழுதப்பட்ட சீட்டோடும் அந்தக் குழந்தைகளின் சிறுநீரகம் பிழைத்திருக்கும். பாட்டிலில் விஷம் இருந்ததால், 7 வயதுக் குழந்தைக்குச் சரியாக எழுதப்பட்ட சீட்டும் அதே முடிவைத்தான் தந்திருக்கும். யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதை மருந்தியல் தெளிவாகவே சொல்கிறது.

ஃபினைல்எஃப்ரின் பற்றி இன்னொரு விஷயம். வாய்வழியாகச் சாப்பிடும்போது அது மூக்கடைப்பைக் குறைக்கவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் முடிவுக்கு வந்தது. மருந்து பாதுகாப்பானதா என்பது ஒரு கேள்வி, பலன் தருமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதை மருந்தியலில் ‘எஃபிகசி’ என்பார்கள், அதாவது பயன்திறன்.

டோஸ், ஸ்ட்ரெங்த்: ஒரு சின்ன கணக்கு

டோஸ் என்பது உடலுக்குள் போக வேண்டிய மருந்தின் அளவு. ஸ்ட்ரெங்த் என்பது பாட்டிலில் மருந்தின் அடர்த்தி. இரண்டையும் குழப்புவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு.

குழந்தைகளுக்கு பாராசிட்டமால் டோஸ் எடையை வைத்து, ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது 6 மில்லி. 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 3 மில்லி. ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள டிராப்ஸில் வெறும் ஒன்றரை மில்லி. போன தடவை கொடுத்த அதே 6 மில்லியை, பாட்டில் மாறியது தெரியாமல் டிராப்ஸில் கொடுத்தால் 600 மில்லிகிராம் போய்விடும். நான்கு மடங்கு.

அதனால்தான் மருத்துவர் ‘எத்தனை மில்லி’ என்று சொன்னால் ‘எந்த ஸ்ட்ரெங்த்’ என்றும் கேட்க வேண்டும். வீட்டு ஸ்பூன் வேண்டாம். பாட்டிலோடு வரும் அளவு மூடியோ, சிரிஞ்சோதான் சரி.

பேட்ச் நம்பர் ஏன் முக்கியம்?

ஒரே தடவையில், ஒரே மூலப்பொருளைக் கொண்டு தயாரான மருந்துத் தொகுதிதான் பேட்ச். நச்சு கண்டறியப்பட்ட கோல்ட்ரிஃப் பேட்ச் ‘எஸ்ஆர்-13’. 2025 மே மாதம் தயாரானது, 2027 ஏப்ரல் வரை காலாவதி தேதி போடப்பட்டிருந்தது.

சிந்த்வாரா மரணங்களுக்குப் பிறகு சேகரித்த மருந்து மாதிரிகள் சிலவற்றில் டைஎத்திலீன் கிளைகால் இல்லை என்றுதான் முதலில் அறிவிக்கப்பட்டது. அடுத்த நாளே தமிழ்நாடு சோதனை முடிவு அதற்கு நேர்மாறாக வந்தது. பலரும் குழம்பினார்கள். எந்த மருந்து, எந்த பேட்ச் என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு பாட்டில் சுத்தமாக இருப்பது இன்னொரு பேட்ச்சுக்கு உத்தரவாதம் கிடையாது. காலாவதி தேதி இரண்டு வருடம் தள்ளி இருப்பதும் உள்ளே இருப்பது சுத்தம் என்பதற்குச் சான்று இல்லை.

லேபிளில் மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ‘ஐ.பி.’ என்ற இரண்டு எழுத்துகளையும் கவனித்திருப்பீர்கள். இந்தியன் பார்மகோபியா என்பதன் சுருக்கம். மருந்துகளும் துணைப்பொருட்களும் எந்தத் தரத்தில் இருக்க வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரபூர்வ நூல் அது. ‘ஐ.பி.’ என்று அச்சிடுவது, அந்த நூலின்படி சோதித்தோம் என்று நிறுவனம் தரும் வாக்குறுதி.

சட்டம் பார்க்கும் நான்கு சொற்கள்

1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் கெட்ட மருந்துகளைப் பல வகையாகப் பிரிக்கிறது.

தரம் குறைந்தது: சொன்ன தரத்தில் இல்லாதது. 500 மில்லிகிராம் என்று போட்டு 430 மட்டும் இருப்பது போல. மாதாமாதம் வெளியாகும் ‘தரமற்ற மருந்துகள்’ பட்டியலில் பெரும்பாலும் வருவது இதுதான்.

தவறான லேபிள்: லேபிளில் பொய்யோ, தவறான தகவலோ இருப்பது.

போலி: வேறு நிறுவனத்தின் பெயரில், அல்லது இல்லாத நிறுவனத்தின் பெயரில் விற்பது.

கலப்படம்: உடல்நலத்துக்குக் கேடான பொருள் மருந்தில் இருப்பது.

கலப்பட மருந்தாலோ போலி மருந்தாலோ மரணம் நேர்ந்தது நிரூபணமானால், குறைந்தது 10 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. அபராதம் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. வெறும் ‘தரம் குறைவு’ என்று போனால் 1 முதல் 2 ஆண்டு சிறைதான். 2023இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பிரிவில் அபராதம் கட்டி வழக்கைச் சமரசமாக முடித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. அதாவது ‘தரமற்ற மருந்து’ என்று பொதுவாகச் சொல்வதற்கும் ‘கலப்பட மருந்து’ என்று சொல்வதற்கும் நடுவில் ஒரு ஆயுள் தண்டனை இருக்கிறது.

சொல் ஒன்று வழக்கையே தீர்மானித்ததற்கு வரலாற்றிலும் உதாரணம் உண்டு. 1937இல் அமெரிக்காவில் ‘எலிக்சிர் சல்ஃபானிலமைடு’ என்ற திரவ மருந்தில் இதே டைஎத்திலீன் கிளைகாலைக் கரைப்பானாகப் பயன்படுத்தினார்கள். 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். விஷத்தை மருந்தில் கலப்பதைத் தடுக்க அப்போது அங்கே சட்டமே இல்லை. ‘எலிக்சிர்’ என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, எனவே லேபிள் தவறு என்ற ஒரே காரணத்தைச் சொல்லித்தான் அதிகாரிகள் பாட்டில்களைப் பறிமுதல் செய்ய முடிந்தது. ‘கரைசல்’ என்று பெயர் வைத்திருந்தால் அதுகூட முடிந்திருக்காது. விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் 1938இல் அங்கே வந்தது இதன் பிறகுதான்.

இது முதல் முறையா?

இல்லை. 1972இல் சென்னையிலேயே இதே ரசாயனத்தால் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர். 2019-20இல் ஜம்முவின் ராம்நகரில் குறைந்தது 12 குழந்தைகள். 2022இல் காம்பியா, உஸ்பெகிஸ்தான், இந்தோனேசியா. இவற்றில் காம்பியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும் சந்தேகத்துக்கு உள்ளானவை இந்தியாவில் தயாரான சிரப்கள்.

வெளிநாட்டு மரணங்களுக்குப் பிறகு, 2023 ஜூன் 1 முதல் ஏற்றுமதியாகும் இருமல் சிரப்களை அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதிப்பது கட்டாயமானது. உள்நாட்டில் விற்கும் சிரப்புக்கு அந்தக் கூடுதல் சோதனை வரவில்லை. கப்பலில் ஏறும் பாட்டிலுக்கு இருந்த காவல், பராசியாவுக்கு லாரியில் போன பாட்டிலுக்கு இல்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

விஷத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் சில விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன.

* ‘சளி சிரப் ஒன்னு குடுங்கண்ணே’ என்று கேட்டு வாங்குவதை, குறிப்பாக 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, நிறுத்தலாம். சாதாரண சளி பெரும்பாலும் மருந்தில்லாமலே சில நாட்களில் சரியாகும்.

* பில் வாங்குங்கள். பேட்ச் நம்பர் தெரியும்படி லேபிளை போனில் போட்டோ எடுத்து வையுங்கள். தடை செய்தி வந்தால் உடனே ஒப்பிட முடியும்.

* லேபிளில் ஜெனரிக் பெயர், ஸ்ட்ரெங்த், வயது எச்சரிக்கை மூன்றையும் படியுங்கள். சிவப்புக் கோடும் ‘ஆர்எக்ஸ்’ குறியும் இருந்தால் அது மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து.

* மருந்து கொடுத்த பிறகு குழந்தை வாந்தி எடுத்து, சிறுநீர் கழிப்பது குறைந்தால் மருந்தை நிறுத்திவிட்டு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டாம். அதுதான் சிகிச்சைக்கும் வழக்குக்கும் முதல் தடயம்.

* மருந்தால் வந்த பாதிப்பைப் பொதுமக்களே நேரடியாகப் பதிவு செய்யலாம். மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. ‘பார்மகோவிஜிலன்ஸ்’ என்று பாடப்புத்தகத்தில் வரும் பெரிய சொல்லின் நடைமுறை அர்த்தம் இந்த போன் கால்தான்.

சிந்த்வாராவில் முதல் குழந்தைக்குச் சிறுநீர் நின்றதற்கும் பாட்டில் மீது சந்தேகம் வந்ததற்கும் இடையே வாரங்கள் ஓடின. அந்த வாரங்களிலும் அதே பேட்ச் கடைகளில் விற்றுக்கொண்டுதான் இருந்தது.